கடற்கரையின் நீளம்

‘இல்லை’ என்று படிவத்தின் ஒரு கட்டத்தில் எழுத எனக்கு இரண்டு வினாடி போதும். தட்டச்சு இயந்திரத்தில் அடிப்பதென்றால் அதுகூட வேண்டாம். அவருக்கு ஒரு முறை பத்தொன்பது நாள் ஆயிற்று. பத்தொன்பது நாளுக்குப் பிறகும் அவர் அதை எழுதவில்லை.

நாமக்கல்லில் ஓர் அரசு அலுவலகத்தில் அவர் எழுத்தர், நான் தட்டச்சர். எந்த இலாகா என்று சொல்லப்போவதில்லை; அங்கே வேலை பார்த்தவர்கள் பலர் இன்னும் பென்ஷன் வாங்கிக்கொண்டு திடகாத்திரமாக இருக்கிறார்கள். எழுபதுகளின் கடைசியில் தொடங்கி ஏழெட்டு வருடம் அவருடைய கையெழுத்தைப் படித்துப் படித்து அடித்திருக்கிறேன். அவர் பெயரையும் சொல்லப்போவதில்லை. தன்னைப் பற்றி எழுதியிருப்பதை நேரில் வந்து சரிபார்க்காமல் அவர் ஒப்புக்கொள்ள மாட்டார். பெயர் இல்லாமல் இருப்பதே இரண்டு பேருக்கும் நல்லது.

வெள்ளை வேட்டி, அரைக்கைச் சட்டை, லாரி டயரில் தைத்த செருப்பு. முழங்கால் இரண்டும் வயதுக்கு முன்பே போய்விட்டன. காடு மேடெல்லாம் நடந்து தேய்ந்தவை என்று அவர் சொல்வார். படிவம் நிரப்பித் தேய்ந்தவை என்று நான் சொல்வேன். இரண்டும் ஒன்றுதான்.

அந்தக் காலத்தில் மேலிடத்திலிருந்து எங்களுக்குப் படிவங்கள் வந்துகொண்டே இருக்கும். மாநிலம் முழுவதற்கும் ஒரே படிவம் அச்சடித்து அனுப்புவார்கள். வெட்டுக்கிளி வந்ததா, உப்பளத்தில் மழைநீர் புகுந்ததா, மலைப்பாதையில் பாறை உருண்டதா என்று கேட்டிருப்பார்கள். நமக்குச் சம்பந்தமில்லை என்றால் குறுக்கே ஒரு கோடு கிழித்து நடுவில் ‘இல்லை’ என்று எழுதி அனுப்ப வேண்டியது. இதற்கு இன்மை அறிக்கை என்று பெயர். அரசாங்கத்துக்கு மிகவும் பிடித்த அறிக்கை அதுதான் என்பது என் அனுபவம். படிப்பதற்கு ஒன்றும் இருக்காது.

அவருக்கு மட்டும் அது வரவே வராது. ‘இல்லை’ என்று எழுத வேண்டுமானால் போய்ப் பார்த்து, இல்லாமல் இருப்பதைக் கண்ணால் கண்டுவிட்டு வர வேண்டும். யானைகளால் பயிர்ச்சேதம் பற்றி ஒரு படிவம் வந்தது. எங்கள் பக்கம் யானையைப் பார்க்க வேண்டுமானால் சர்க்கஸ் வர வேண்டும். அவர் நான்கு நாள் சுற்றிவிட்டு வந்து எழுதிக் கொடுத்தார்: ‘ஒன்று. மோகனூர்ப் பக்கம். வாழை, பதினாறு தார். திருவிழாவுக்கு அழைத்து வந்த கோயில் யானை. நேரில் பார்த்தேன்.’ அந்த ‘நேரில் பார்த்தேன்’ அவர் எழுதும் எல்லாவற்றின் கீழும் இருக்கும். மேலிடத்திலிருந்து பதில் வந்தது: ‘காட்டு யானையா, வளர்ப்பு யானையா எனத் தெளிவுபடுத்தவும்.’ அவர் தெளிவுபடுத்தினார்: ‘வளர்ப்பு. ஆனால் அன்றைக்கு யார் பேச்சையும் கேட்கவில்லை.’

என் கல்யாணத்துக்கும் அவர்தான் விசாரிக்கப் போனார். நான் அயோத்தியாப்பட்டணத்துக்காரி. மாப்பிள்ளைக்குப் பள்ளிபாளையம், தறிப்பட்டறையில் மேற்பார்வை வேலை. என் அப்பாவுக்கு அந்தப் பக்கம் யாரையும் தெரியாது. ‘பையனுக்குக் கெட்ட பழக்கம் ஒண்ணும் இல்லைன்னு விசாரிச்சுச் சொன்னாப் போதும்’ என்று இவரிடம் கேட்டுக்கொண்டார். இவர் மூன்று நாள் பட்டறைக்கு எதிரே இருந்த டீக்கடையில் உட்கார்ந்துவிட்டு வந்தார்.

“பீடி உண்டுங்க, ஒரு நாளைக்கு ரெண்டு. சீட்டு ஆடலீங்க, ஆனா ஆடறவங்க பக்கத்துல நின்னு பாக்கறாருங்க. கோவம் பாத்த வரைக்கும் இல்லீங்க. நான் பாத்தது மூணு நாளுதானுங்க.”

“இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டேங்கிறாரே இந்த மனுஷன்” என்று அப்பா என்னிடம் சலித்துக்கொண்டார். அந்த அறிக்கையைக் கேட்டுத்தான் நான் சம்மதித்தேன். பீடி இரண்டு என்பது சரியாக இருந்தது. கோபத்துக்கு மூன்று நாள் போதாது என்று அவர் சந்தேகப்பட்டதும் சரியாகவே இருந்தது.

அவருக்கும் ஓர் ஆசை இருந்தது. சொன்னால் சிரிப்பீர்கள். எங்கள் அலுவலகத்தில் கை வைத்த நாற்காலி இரண்டுதான். ஒன்று அதிகாரிக்கு. இன்னொன்று தலைமை எழுத்தருக்கு. தலைமை எழுத்தர் ஓய்வு பெற்றுப் போன பிறகு அந்த வேலையை இவர்தான் பார்த்தார். நாற்காலி மட்டும் காலியாகக் கிடந்தது. உட்கார்ந்துகொள்ளுங்களேன் என்றால், “ஆர்டர் வரட்டுங்க” என்பார். எங்களுடைய நாற்காலிகளுக்குக் கை கிடையாது. முழங்கால் போனவருக்கு அதிலிருந்து எழுவது பெரும்பாடு. பக்கத்திலிருந்த என் மேஜையின் மூலையைப் பிடித்துக்கொண்டுதான் எழுவார். ஒவ்வொரு முறையும் மேஜை ஆடி, நான் அடித்துக்கொண்டிருக்கும் வரி கோணிக்கொள்ளும். “கோவிச்சுக்காதீங்க அம்மணி. இன்னும் கொஞ்ச நாளு. கை வெச்ச நாக்காலி வந்துட்டா உங்களுக்குத் தொந்தரவு இல்ல” என்பார். ஓய்வு பெற அவருக்கு இரண்டு வருடம்தான் பாக்கி இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் கடல் வந்தது.

எங்கோ ஒரு தேசத்துக் கடலில் எண்ணெய்க் கப்பல் உடைந்ததாம். அதைப் பத்திரிகையில் படித்த பெரியவர் யாரோ பதறிப்போய், மாநிலம் முழுவதற்கும் ஒரு படிவம் அச்சடிக்கச் சொல்லிவிட்டார். ‘எண்ணெய்க் கசிவினால் கடற்கரைச் சூழலுக்கு நேரக்கூடிய அபாயம் குறித்த மதிப்பீடு.’ முதல் கட்டம், தங்கள் எல்லைக்குள் உள்ள கடற்கரையின் நீளம். அப்புறம் மீனவக் குப்பங்கள் எத்தனை, அலையாத்திக் காடு எவ்வளவு, ஆமை முட்டையிடும் இடம் உண்டா. எண்ணெய் எங்கிருந்து கசியக்கூடும், கரையை அடைய எவ்வளவு நேரம் ஆகும், எங்கே தேங்கும், அகற்றுவதற்கு என்னென்ன சாதனம் கைவசம் இருக்கிறது.

அலுவலகமே சிரித்தது. எங்கள் அதிகாரி நாகப்பட்டினத்துப் பக்கம் கடலோரத்தில் பிறந்தவர். “இல்லைன்னு எழுதி இன்னிக்குத் தபால்லயே அனுப்பிடுங்க” என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

இவர் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏனுங்க அம்மணி, நம்மூர்ல எண்ணெய் இருக்குதுங்களா?”

“லாரி ஊர்ல எண்ணெய் இல்லாம இருக்குமா சார்?”

“டேங்கர் லாரி திருச்செங்கோட்டு ரோட்டுல போவுதுங்களா?”

“தினமும்தான் போவுது.”

“அந்த ரோட்டுல திருமணிமுத்தாத்துப் பாலம் இருக்குது. பாலத்துல டேங்கர் கவுந்தா எண்ணெய் எங்க போவும்?”

“ஆத்துக்கு.”

“ஆறு?”

“காவேரிக்கு.”

“காவேரி?”

நான் இயந்திரத்தில் புதுத் தாளைச் செருகினேன். பதில் சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் அவர் நாமக்கல் சந்தையில் எலுமிச்சம்பழம் வாங்கினார். ஐம்பது பழம். அலுவலகத்துச் சிவப்பு மையால் ஒவ்வொன்றின் மேலும் எண் போட்டார். அதிகாலை பஸ்ஸின் கூரையில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு திருச்செங்கோட்டுச் சாலைப் பாலத்துக்குப் போய் ஆற்றில் ஒவ்வொன்றாகப் போட்டார். பிறகு கரையோடு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவற்றின் கூடவே போனார். எண்ணெய் மிதக்கும், எலுமிச்சம்பழமும் மிதக்கும். பழம் போகிற இடத்துக்கு எண்ணெயும் போகும் என்பது அவர் கணக்கு.

கணக்கில் ஒரு பிழை. சிவப்பு மையில் எழுத்து எழுதிய எலுமிச்சம்பழம் ஆற்றோடு வந்தால் நம் ஊரில் யாரும் அதை எண்ணெய்க் கசிவு மதிப்பீடு என்று நினைக்க மாட்டார்கள். துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் அலறியடித்துக் கரையேறினார்கள். மாட்டைத் தண்ணீர் காட்டாமல் ஓட்டிப் போனார்கள். யார் யாருக்கு வைத்த செய்வினை என்று இரண்டு ஊர்களுக்கு நடுவே பேச்சு தடித்தது. ஒரு மந்திரவாதி பம்பையோடு வந்து சேர்ந்த சமயத்தில் இவர் சைக்கிளோடு போய் நின்றிருக்கிறார்.

“அது சர்க்கார் எலுமிச்சங்காய்ங்க” என்றாராம்.

அதை யாரும் நம்பவில்லை. அன்று தப்பித்து வந்தவர் வேறு யாராக இருந்தாலும் அத்தோடு விட்டிருப்பார். இவர் அடுத்த வாரம் இன்னும் ஐம்பது பழம் வாங்கினார். மக்களுக்குச் சந்தேகம் வரக்கூடாது என்று இம்முறை ஒவ்வொன்றின் மேலும் அலுவலக முத்திரையைக் குத்தினார். வட்டத்துக்குள் சிங்கத்தலை இருந்ததைப் பார்த்து, இது போன வாரத்தைவிடப் பெரிய செய்வினை என்று முடிவு கட்டினார்கள்.

பரமத்திக்கு வடக்கே ஆறு ஒரு பாறையில் முட்டித் திரும்புகிற வளைவு இருக்கிறது. அங்கே கோரை அடர்த்தி. இம்முறை போட்ட பழங்களில் பெரும்பாலானவை வந்து அந்தக் கோரையில்தான் சிக்கின. வளைவின் கரையில் ஓர் அம்மாள் வீடு கட்டி ஆடு வளர்த்துக்கொண்டிருந்தாள். ஊர் பயந்த செய்வினைக்கு அவள் பயப்படவில்லை.

“உங்க காயிங்களா சாமி? முப்பது எடுத்து வெச்சிருக்கேனுங்க. பதினொண்ணு ஊறுகா போட்டுட்டேன். கொஞ்சம் முத்தல்தான்” என்றாளாம்.

அவர் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்: ‘வளைவை அடைந்தவை, நாற்பத்தொன்று. பாலத்திலிருந்து ஏழு மணி நேரம். இதில் பதினொன்று ஊறுகாய்.’

பத்தொன்பதாம் நாள் படிவம் தயாரானது. எண்ணெய் எங்கிருந்து கசியும், எத்தனை மணி நேரத்தில் எங்கே வரும், எங்கே தேங்கும் என்று எல்லாக் கட்டத்தையும் நிரப்பியிருந்தார். சாதனங்கள் என்ற இடத்தில் மிதவைத் தடுப்பு, உறிஞ்சும் படகு என்றெல்லாம் அச்சடித்திருந்ததை அடித்துவிட்டு, ‘மூங்கில், வைக்கோல், லாரிப் பட்டறை வேஸ்ட், ஊர்க் குடங்கள்’ என்று எழுதியிருந்தார். வேஸ்ட் என்பது பட்டறைகளில் எண்ணெய் துடைக்க வைத்திருக்கும் கழிவு நூல். ஒரே ஒரு கட்டம் மட்டும் காலியாக இருந்தது. கடற்கரையின் நீளம்.

“இதையாவது இல்லைன்னு போட்டுடலாமே சார்” என்றேன்.

“நான் கடலைப் பாத்ததே இல்லீங்க அம்மணி” என்றார். “அது எது வரைக்கும் வருதுன்னு பாக்காம எப்படி எழுதறது?”

பதினைந்து நாளில் படிவம் திரும்பி வந்தது. ‘தங்கள் எல்லையில் கடற்கரை இல்லை. இல்லை எனத் திருத்தி அனுப்பவும்.’ அதிகாரி அவரைக் கூப்பிட்டார்.

“கடல் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும். நான் அதுல குளிச்சு வளந்தவன். உங்க பதவி உயர்வு ஃபைல் என் மேஜையிலதான் இருக்கு. மேல எழுதப் போறேன். இந்த நேரத்துல இதெல்லாம் தேவையா?”

“தேவை இல்லைன்னு எப்படிங்க சொல்றது?” என்றார் இவர்.

இவர் வெளியே வந்ததும் அதிகாரி என்னைக் கூப்பிட்டார். புதுப் படிவம் ஒன்றில் குறுக்கே கோடு கிழித்து ‘இல்லை’ என்று அடித்துத் தரச் சொன்னார். நான் அடித்தேன். அவரே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார். அவர் கெட்டவர் இல்லை. ஒரு வகையில் இவரைக் காப்பாற்றத்தான் செய்தார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. சாயங்காலம் இவர் என் மேஜை மூலையைப் பிடித்து எழுந்தபோது கார்பன் நகலைப் பார்த்துவிட்டார்.

“நேர்ல பாத்தீங்களா அம்மணி?” என்று மட்டும் கேட்டார். குரலில் கோபம் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டது போலத்தான் இருந்தது. எனக்கு அன்று இரவு சோறு இறங்கவில்லை.

அந்த வருடம் முழுக்க அவரை அலுவலகத்தில் கப்பல் என்று கூப்பிட்டார்கள். “கப்பல் கெளம்பிருச்சா?” என்பார்கள். “கப்பல் இன்னிக்கு லீவு” என்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன், அவர் இல்லாதபோது.

ஐப்பசி மழை விட்டு ஆற்றில் இடுப்பளவு தண்ணீர் ஓடிய சமயம். காலை ஒன்பதரைக்கு நான் அலுவலகத்துக்குள் நுழையும்போது எல்லோரும் கூட்டமாக நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். தூத்துக்குடியிலிருந்து ஒரு தொழிற்சாலைக்குப் பர்னஸ் ஆயில் ஏற்றி வந்த டேங்கர், ஏழு மணிக்குத் திருச்செங்கோட்டுச் சாலைப் பாலத்தின் கைப்பிடிச் சுவரை இடித்துக்கொண்டு ஆற்றுக்குள் சாய்ந்துவிட்டதாம். டிரைவருக்குக் கை முறிவு, உயிருக்குப் பயமில்லை. பர்னஸ் ஆயில் என்பது பாய்லர் எரிக்கிற கறுப்பு எண்ணெய். தார்க் குழம்புக்குத் தம்பி.

அதிகாரி சேலத்துக்குக் கூட்டத்துக்குப் போயிருந்தார். எல்லோரும் பாலத்தைப் பார்க்கப் புறப்பட்டார்கள். இவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

“பாலத்துல இனி என்ன இருக்குதுங்க? அது கெளம்பி ரெண்டரை மணி நேரம் ஆச்சு. ரெண்டு மணிக்கு வளைவுக்கு வரும்” என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். “நேர்ல பாக்க வாறீங்களா அம்மணி?”

நான் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

அவருக்குத் தெரிந்த பட்டறைக்காரர் ஒருவர் வேஸ்ட் மூட்டைகளையும் ஒரு லாரியையும் கொடுத்தார். மூட்டைகளின் மேலேயே நாங்கள் உட்கார்ந்து போனோம். பதினொன்றரைக்கெல்லாம் வளைவில் இருந்தோம். ஊறுகாய் அம்மாள் அவரைப் பார்த்ததும், “இந்தத் தடவை காய் கொண்டாரலீங்களா சாமி?” என்றாள். விஷயத்தைச் சொன்னதும் முந்தானையைச் செருகிக்கொண்டு ஊருக்குள் ஓடினாள். மூங்கிலை வெட்டிக் கோரைக்குக் குறுக்கே மிதக்கவிட்டுக் கட்டினார்கள். வைக்கோலையும் வேஸ்ட்டையும் அதோடு சேர்த்துச் சுற்றினார்கள். ஆட்கள் வந்தார்கள், ஆனால் சும்மா வேடிக்கை பார்க்கத்தான் நின்றார்கள். கறுப்பு எண்ணெயை யார் வாரிக்கொட்டுவார்கள்?

அவர் ஒரு கல்லின் மேல் ஏறி நின்றார். முழங்காலோடு எப்படி ஏறினார் என்று தெரியவில்லை.

“ஊட்டு மரச் சட்டத்துக்குப் பூசுனா கரையான் அண்டாதுங்க. வண்டி அச்சுக்குப் போடலாம். பரிசலுக்கு அடியில பூசலாம். எடுத்துட்டுப் போறவங்க எடுத்துக்கலாம். குடம் உங்களுது” என்றார்.

அதற்குப் பிறகு யாரையும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. குடம், அண்டா, தவலை, குழந்தையைக் குளிப்பாட்டும் தொட்டி எல்லாம் வந்தன. ஒன்றேமுக்காலுக்கு முதலில் வாடை வந்தது. ரெண்டு பத்துக்குத் தண்ணீர் மேல் கறுப்பாக, ஓசையில்லாமல், எண்ணெய் வந்தது. அவ்வளவு இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. மூங்கிலில் முட்டிக் கோரைக்குள் ஒதுங்கித் தேங்கியது. இருட்டும் வரைக்கும் ஜனங்கள் அதை மொண்டுகொண்டே இருந்தார்கள். நானும் ஒரு சொம்பால் மொண்டேன். கையிலிருந்த கறுப்பு போக ஒரு வாரம் ஆயிற்று. கோரையில் ஒட்டியிருந்ததை மறுநாள் வேரோடு அறுத்து மேட்டில் போட்டார்கள்.

இதற்கு என்ன பலன் கிடைத்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்? மூன்றாம் நாள் குற்றக் குறிப்பாணை வந்தது. அதையும் நான்தான் அடித்தேன். ‘முன் அனுமதியின்றிப் பணியிடத்தை விட்டு நீங்கியது, தட்டச்சரை உடன் அழைத்துச் சென்றது, தனியார் நிறுவனத்துக்குச் சொந்தமான எண்ணெயைப் பொதுமக்கள் எடுத்துச் செல்லத் தூண்டியது.’ எண்ணெய்க்குச் சொந்தக்காரர்கள் மேலே புகார் செய்திருந்தார்கள். எண்ணெய் காவேரியில் போயிருந்தால் புகார் செய்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். காவேரி கொண்டுபோனது என்றால் விதி. குடம் கொண்டுபோனது என்றால் திருட்டு.

குறிப்பாணையோடு ஒரு படிவமும் வந்தது. எண்ணெய்க் கசிவினால் ஆற்றின் கீழ்ப்பகுதியில் ஏற்பட்ட சேதம். அதை நிரப்புவதற்காக இவர் வளைவிலிருந்து காவேரி சேரும் இடம் வரைக்கும் நடந்தார். அங்கிருந்து மோகனூர் வரைக்கும் காவேரிக் கரையோடு நடந்தார். நாலு நாள். திரும்பி வந்தபோது காலைத் தாங்கித் தாங்கி நடந்தார்.

அதிகாரி அவரைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். குறிப்பெடுக்க நானும் உள்ளே இருந்தேன். ஆனால் அதிகாரி, “இதை எடுக்க வேணாம்மா” என்று என்னிடம் சொல்லிவிட்டார்.

“இதோ பாருங்க. உங்களை எனக்கு இப்பத்தான் புரியுது. நான் காப்பாத்தப் பாக்கறேன். சேதம்னு ஒரு நாலு வரி எழுதிக் கொடுங்க. மீன் செத்துது, கொஞ்சம் நெல் கருகிச்சு, அப்படி ஏதாவது. கொஞ்சம் போயே இவ்வளவு சேதம்னா, முழுசும் போயிருந்தா என்ன ஆயிருக்கும்னு நான் மேல எழுதறேன். மெமோவும் நிக்காது, பதவி உயர்வும் நிக்காது.”

“மீனு சாவலீங்களே” என்றார் இவர்.

“ஒண்ணு ரெண்டு கூடவா?”

“பாத்தேனுங்க. நல்லா இருக்குதுங்க.”

“நெல்லு?”

“பால் புடிச்சிருக்குதுங்க.”

அதிகாரி பேனாவை மூடி மேஜையில் வைத்தார். “சேதம் இல்லைன்னு எழுதினா உங்களுக்குத்தான் சேதம். தெரியுமில்ல?” என்றார்.

“தெரியுமுங்க.”

வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். “அம்மணி, அந்தக் கட்டத்துல இல்லைன்னு அடிங்க” என்றார்.

எத்தனையோ ஆயிரம் ‘இல்லை’ அடித்த கை, அன்றைக்கு எழவில்லை. “சார், ‘சொற்பம்’னு அடிக்கட்டுமா?” என்று கேட்டேன். “பொய்யும் இல்ல, மெய்யும் இல்ல. உங்களுக்கு இந்த நாக்காலி வேணாமா?” எதிரே இருந்த கை வைத்த நாற்காலியைக் காட்டினேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவர் நாற்காலியைத் திரும்பிப் பார்த்தார். பார்க்காதவர் போல நடிக்கவில்லை, நன்றாகவே பார்த்தார். “வேணுமுங்க” என்றார். “ஆனா சொற்பம்னு எதையும் நான் பாக்கலீங்களே.”

அடித்தேன். அவரோடு இருந்த இத்தனை வருடத்தில் அவர் கேட்டு நான் அடித்த ஒரே ‘இல்லை’ அதுதான். கீழே ‘நேரில் பார்த்தேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

இரண்டு மாதம் கழித்து ஆணை வந்தது. ‘மேற்படி நிகழ்வினால் சேதம் ஏதும் இல்லை என்று எழுத்தரே அறிக்கை அளித்துள்ளார். சேதம் இல்லாத ஒரு நிகழ்வுக்காகப் பணியிடத்தை விட்டு நீங்கியதும், பிறர் சொத்தைப் பொதுமக்கள் எடுத்துச் செல்ல விட்டதும் தேவையற்ற செயல்கள். பதவி உயர்வு நிறுத்தி வைக்கப்படுகிறது.’ எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தத் தாளைக் கிழித்திருப்பேன். அவர் வாங்கி இரண்டு முறை படித்தார்.

“சரியாத்தானுங்க எழுதியிருக்காங்க” என்றார். “அவங்க நேர்ல பாக்கலையில்லீங்களா.”

சாயங்காலம் வழக்கம் போல என் மேஜை மூலையைப் பிடித்து எழுந்தார். வரி கோணியது. அன்று அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. அடுத்த ஆனி மாதம் கையில்லாத நாற்காலியிலிருந்தே அவர் ஓய்வு பெற்றார். சேலத்திலிருந்து வேறொருவர் வந்து கை வைத்த நாற்காலியில் உட்கார்ந்தார். நல்ல முழங்கால் உள்ளவர். கைகளைத் தொடாமலே எழுந்துவிடுவார்.

ஆறு மாதம் கழித்து அலுவலக முகவரிக்கு, ‘தட்டச்சர் அம்மணி’ என்று போட்டு ஓர் அஞ்சலட்டை வந்தது. பூம்புகார் அஞ்சல் முத்திரை. அந்தக் கையெழுத்தை எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

‘காவேரியோடு வந்தேன். பாதி பஸ், பாதி நடை. கடல் இருக்கிறது. நீளம் அளக்க முடியவில்லை, இரண்டு பக்கமும் போய்க்கொண்டே இருக்கிறது. எண்ணெய் இல்லை. மணலில்தான் உட்கார்ந்தேன். எழுந்திருக்க மீனவர் இருவர் கை கொடுத்தார்கள். நேரில் பார்த்தேன்.’

அந்தப் பழைய படிவத்தின் கோப்பு மூடப்பட்டு அலமாரி மேல் கிடந்தது. இறக்கித் தூசி தட்டினேன். அவருடைய படிவத்தில் முதல் கட்டம் காலியாகத்தான் இருந்தது. அட்டையை அதற்கு நேராக வைத்துக் குத்தி, பக்க எண் போட்டு, கோப்பை மறுபடியும் அலமாரியில் வைத்தேன்.